ஒப்பாரிக் காட்சி

கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகை கேட்கிறார் இளங்கோவன். வாலாஜாபாத்தில் ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலை. தவிட்டு வாசம் இன்னும் போகாத கூடம். யாராவது வசனத்தை இழுத்தால் விழிக்காமலே விரலைச் சொடுக்குவார். "மூஞ்சி அப்புறம் வரட்டும்பா. மொதல்ல கொரல் நெசமா இருக்குதான்னு பாரு."

வாரநாள்களில் அவர் சென்னையில் பல்கலைக்கழக நாடகத்துறைப் பேராசிரியர். காஞ்சிபுரத்திலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்புகிறார். மாகறல் கிராமத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகன். அங்கே கூத்து நடந்தபோதெல்லாம் அவர் தெருக்காரர்கள் பந்தலுக்கு வெளியேதான் நின்றார்கள். ஆட்டம் தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். கண்ணை மூடும் பழக்கம் அங்கிருந்து வந்ததா என்று மாணவர்கள் கேட்டால், "டீ ஆறுது, குடிங்கப்பா" என்பார்.

அவரிடம் படித்தவர்கள் பலர் சினிமாவில் இருக்கிறார்கள். கூப்பிட்டும் அவர் போகவில்லை. ஞாயிறுதோறும் தறிக்காரர்கள், தையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்களைச் சேர்த்து நாடகம் போடுகிறார். வகுப்பில் சொல்வதையேதான் அவர்களிடமும் சொல்கிறார்: "மேடையில நீ அழாத. கீழ குந்திக்கினு இருக்கறவன் அழட்டும்."

இந்த ஆண்டு நாடகத்தில், பாலாற்று மணல் குழியில் மூழ்கிய மகனுக்குத் தாய் ஒப்பாரி வைக்கும் காட்சி ஒன்று. தாயாக நடித்தவர் பிளவுஸ் தைக்கும் மேரி. ஒத்திகை பாதி நடந்திருந்தபோது மேரியின் மகன் ஜோயல், வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். அடக்கத்துக்குப் போய்வந்த இளங்கோவன் அந்தக் காட்சியையே நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து மேரி ஆலைக்கு வந்தார்.

"சீன எடுத்துட்டீங்களாமே சார்?"

"வேணாம்மா. உன்ன வச்சி அத நான் பண்ணக் கூடாது."

"வூட்ல அழ வுட மாட்டேங்கறாங்க சார். கண்ணு கலங்குனாலே, கர்த்தர் பாத்துப்பாரு, தேத்திக்கோன்றாங்க. இங்கியும் வாய மூடிக்கினா நான் எங்க போவேன்?"

இளங்கோவன் கூடத்துக்குள் திரும்பினார். "வாம்மா" என்றார். காட்சி மறுபடி சேர்ந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம் அரங்கேறியது. துறையிலிருந்து வந்திருந்த பேராசிரியர்களோடு இளங்கோவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியில் தாய் மகனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஊர்சனமாக நிற்பவர்கள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாடகத்தில் மகனின் பெயர் முத்து.

மேரி மேடைத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஜோயலு... எம்புள்ள ஜோயலு..."

ஊர்சனம் திகைத்து நின்றது. முதல் குரல் கொடுக்க வேண்டிய தறிக்காரர் வேணுகோபால் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மேரி மறுபடி அழைத்தார்.

இளங்கோவன் எழுந்தார். செருப்பை நாற்காலிக்கு அடியில் விட்டார். பக்கவாட்டுப் படியேறி, ஊர்சனத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு, "ஜோயலு" என்று திருப்பிக் கூப்பிட்டார்.