தெங்கிஸின் ஒரு நிமிடம்

குர்ஜானி வட்டாரத்தில் விருந்தென்றால் கோப்பையைத் தூக்கி வாழ்த்துரை சொல்லத் தெங்கிஸைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுந்தால் அடுப்பில் ஏற்றிய ஆட்டுக்கறி வெந்து, ஆறி, மறுபடி சூடாகும். ஒரு கல்யாணத்தில் அவர் முடிப்பதற்குள் மணமக்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டது என்கிறார்கள். நான் நம்புகிறேன்.

அந்த மனிதருக்கு அறுபத்தொரு வயதில் ஆங்கிலம் தேவைப்பட்டது. திராட்சைமதுக் கிடங்கில் வெளிநாட்டு விருந்தினரை வரவேற்கும் வேலை காத்திருந்தது. கணினி நடத்தும் பேச்சுத் தேர்வில் தேறினால் அவருக்கு. இல்லாவிட்டால் தலைநகர் திபிலிசியிலிருந்து யாரோ வருவார்.

மாலை வகுப்பில் பயிற்சிக் கணினி அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்டது. தெங்கிஸ் எழுந்து நின்றார். கடவுள், தாய்நாடு, மறைந்தவர்கள் என்று முறைப்படி இறங்கி, கொள்ளுத்தாத்தாவை எட்டியபோது, பதிலுக்குக் கணினி கொடுத்த ஒரு நிமிடம் முடிந்தது. மதிப்பெண் பூஜ்யம்.

"பெரியவங்களப் பத்திப் பேசும்போதே என் வாய அடைக்குது இந்தப் பொட்டி. வளர்ப்பு சரியில்ல" என்றார்.

பக்கத்து நாற்காலியில் சிகையலங்காரக்காரி மார்த்தா சிரித்தாள். "நீங்க பொண்டாட்டி பேருக்கு வர்றதுக்குள்ள அத்தை விவாகரத்தே வாங்கிடுவாங்க மாமா."

ஆசிரியை எலிசோவுக்குக் கணினி மேல் அசையாத நம்பிக்கை. "அது மேல தப்பில்ல மாமா. சுருக்கமாச் சொல்லுங்க."

"யாரை வெட்டச் சொல்றே டீச்சரம்மா? தாத்தாவையா?"

எலிசோ யோசித்தாள். "விருந்துல பாதி பேசிட்டு 'அலவெர்தி'ன்னு இன்னொருத்தர்கிட்ட விடுவீங்களே, மிச்சத்தை அவர் எடுத்துப் பேசுவாரே, அது உங்களுக்குக் குறைச்சலா?"

"குறைச்சலா? அவருக்குப் பண்ற மரியாதை."

"அந்த மரியாதைய இதுக்கும் பண்ணுங்க."

தெங்கிஸ் திரையை மேலும் கீழும் பார்த்தார். "குடிக்குமா?"

"குடிக்காது. கேக்கும்."

தேர்வு நாளில் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி, இரண்டு மகள்கள், கொடித்தோட்டம் என்று ஆங்கிலத்தில் நாலு வாக்கியம். பிறகு திரைக்குத் தலைவணங்கி, "அலவெர்தி" என்றார். கணினி அடுத்த கேள்வியைக் கேட்டது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எலிசோவைப் பார்த்து அவர் கண்ணடித்தார். கேள்விக்குக் கேள்வி இப்படியே பேச்சை அதனிடம் விட்டுக்கொடுத்துத் திரும்ப வாங்கினார். தேறினார்.

இப்போது கிடங்கில் வேலை அவருக்குத்தான். அங்கே கடிகாரம் கிடையாது. போன வாரம் வந்த டச்சுக்காரர்கள் கொள்ளுத்தாத்தா வரை முழுக்கக் கேட்டார்கள். அவர்களை ஏற்றிப்போக வந்த பேருந்துதான் காலியாகத் திரும்பியது.