கிணறு வெட்டுகிற வருஷம்

காலை பத்தரை மணிக்குத் தபால்காரர் திருமலைசாமி வேலியோரம் சைக்கிளைச் சாய்த்தார். பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கிழக்கே, தன் பருத்திக் காட்டில், நஞ்சப்பன் அப்போதுதான் மாடுகளைக் கவலை ஏற்றத்திலிருந்து அவிழ்த்திருந்தார். அரைமணி நேரம் இறைப்பதற்குள், தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றின் அடிச்சேற்றில் தட்டிவிட்டது. 1936, மாசி மாதம்.

"ஏனுங்க, மில்லுக் கடுதாசிங்க."

"நீங்களே படிச்சுப்போடுங்க. நல்ல சேதின்னா எளநி உண்டு."

திருமலைசாமி படித்தார். கம்பெனிக்கு லாபம் வந்திருக்கிறது. ஆனாலும் இந்த வருஷமும் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு கிடையாது. விவரம் அறியக் கூட்டத்துக்கு வரலாம்.

"எளநி போச்சுங்க," என்று அவரே சொல்லிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினார். நஞ்சப்பன் கூப்பிட்டு நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டாக வெட்டிக் கொடுத்தார். அவர் சுபாவம் அப்படி.

கணபதி என்கிற ஊர்ப் பக்கம் அந்த நூல் மில் புதிதாக எழும்பியபோது, கிணற்றை ஆழப்படுத்த வைத்திருந்த ஐந்நூறு ரூபாயைக் கொண்டுபோய் ஐந்து பங்கு வாங்கியவர் அவர். மனைவி பூவாத்தாள் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "கெணறு?"

"மில்லு வருசா வருசம் பணங் குடுக்கும் அம்மணி. அதுல வெட்டிப்போடலாம்."

மூன்று வருஷம் போயிற்று. மில் ஒரு காசு தரவில்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஆறடி இறங்கிவிட்டது. இன்னும் ஒரு கோடை இப்படிப் போனால் காட்டை வானத்தை நம்பி விட்டுவிட வேண்டியதுதான். பருத்தித் தரகர் சென்னிமலை, பங்குக்கு எண்பது ரூபாய் வீதம் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நூறு ரூபாய் நஷ்டம். ஆனால் மிச்ச நானூறில் கிணறு வெட்டலாம். நஞ்சப்பன் விற்பதென்றே முடிவு செய்தார்.

"விக்கறதுக்கு முந்தி எம்பட கெணத்த முழுங்குன மில்ல நானுங் கண்ணுல பாக்கோணும்," என்று பூவாத்தாளும் பஸ் ஏறினாள்.

மில் வாசலில் சென்னிமலை பங்கு மாற்றும் காகிதத்தோடு நின்றிருந்தார். "கூட்டம் முடிஞ்சு வாரேனுங்க," என்று நஞ்சப்பன் உள்ளே போனார். பூவாத்தாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மில்லுக்குள் நழுவிவிட்டாள்.

கூட்டத்தில் ஒரே இரைச்சல். நஞ்சப்பன் எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "லாபம் வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"வந்துச்சுங்க," என்றார் சேர்மன். "நாப்பதாயிரம்."

"அது எங்கீங்க?"

"தெக்கால கொட்டாயில இருக்குதுங்க. மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்திருச்சு. மிஷினு போட்டா ரெண்டு பங்கு நூலு எடுக்கலாம். லாபத்த உங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துப்போட்டு, மிஷினுக்குப் பாங்கியில கடன் வாங்கலாமுங்க. அப்பறம் வாரதெல்லாம் வட்டிக்கே போயிரும். என்ற பங்குக்கும் நான் ஒரு காசு எடுக்கலீங்க. வந்து பாருங்க."

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பாதி பிரித்த மரப்பெட்டிகளும், எண்ணெய் மினுங்கும் புது இரும்புமாகக் கொட்டகை நிறைந்திருந்தது. நடுவில் பூவாத்தாள் நின்று, மிஷின் பூட்டும் பிட்டரிடம் ஒவ்வொன்றையும் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் அவளை ஓரமாக அழைத்தார். "பணங் கெடையாதாமா. வித்துப்போடலாம், வா."

"ஏனுங்க, நம்மூட்டுல கெணறு வெட்டற வருசம் எனக்குச் சீலை எடுத்திருக்கறீங்களா?"

அந்த வழக்கம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிணற்றில் கடப்பாரை இறங்கிவிட்டால் தீபாவளியானாலும் பொங்கலானாலும் வீட்டில் புதுத்துணி கிடையாது.

"இல்லை."

"நாங் கேட்டனா?"

"கேக்கலை."

"இவிய கெணறு வெட்டிட்டு இருக்கறாங்க. நீங்க சீலை கேட்டு அழுகறீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நஞ்சப்பனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "அப்ப நம்ம கெணறு?"

"சீலை எடுக்காம நாமளும் வெட்டலாம். பாறை கண்ட கெணத்தப் பாதியில வித்துப்போட்டு வாரவன் உண்டுங்களா?"

வாசலில் சென்னிமலை பேனாவை நீட்டினார். "ஊட்டுல உத்தரவு கெடைக்கலீங்க," என்றார் நஞ்சப்பன்.

"அஞ்சு வருசங் கழிச்சு வந்து, அம்பதுக்கு எடுத்துக்கன்னு கெஞ்சுவீங்க, பாருங்க."

"கெஞ்சறப்ப எளநி வாங்கிட்டு வாரனுங்க."

அதன்பின் இரண்டு வருஷம் அந்த வீட்டில் புதுத்துணி இல்லை. பருத்தி விற்ற காசு வந்தவுடன் கிணறு வெட்டும் ஒட்டர்களைக் கூப்பிட்டு, காசு தீரும்வரை வெட்டுவார்கள். தீர்ந்ததும் நஞ்சப்பன் தானே உளி எடுத்து இறங்குவார், பூவாத்தாள் மேலே நின்று மண்கூடை இழுப்பாள். அறுபத்திரண்டாவது அடியில், கிழக்குப் பாறையில், கை நுழையும் அளவுக்கு ஊற்று வந்தது. அன்று அவர் கிணற்றுக்குள்ளேயே குளித்துவிட்டு ஏறினார். அடுத்த தீபாவளிக்குப் பூவாத்தாளுக்கு இரண்டு சேலை எடுத்தார். ஒன்று போன வருஷத்துக்கு என்றார். அதற்கு முந்தின வருஷத்துச் சேலை எங்கே என்று அவள் கேட்டாள்.

மில் இரண்டு ஷிப்டு ஓடியது. டிவிடெண்டு வரவில்லை. சேர்மன் இன்னொரு கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் வருஷந்தோறும் கூட்டத்துக்குப் போய், "இப்ப எத்தனாவது அடியிலீங்க?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புவார்.

1939 மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். ஐந்து பங்குகளும் பூவாத்தாள் பெட்டியில் இருக்கின்றன. கடைசி மாதங்களில் நஞ்சப்பன் கிணற்றுக்குள் இறங்கக் கல்படி வைத்துக்கொண்டு வந்தார். பதினெட்டுக் கல் வைத்திருந்தார். பத்தொன்பதாவது கல் பாதி கொத்தியபடி வேலியோரம் கிடக்கிறது.