அந்தக் கதையை முழுதாகப் படித்தவள்

அந்த வாரப் பத்திரிகையில் எல்லோரும் அவளைக் 'கமா அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புரூஃப் பார்ப்பது அவள் வேலை. ஒரு கமா இடம் மாறி விழுந்திருந்தால், எழுதியவர் எத்தனை பெரிய கொம்பனாக இருந்தாலும் போன் போட்டுக் கேட்காமல் விடமாட்டாள். அச்சகத்துக்கு நேர் மேலே மாடியில் அவள் மேசை. கீழே மெஷின் ஓடினால் மேலே டீ டம்ளர் நடுங்கும். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு அவளுக்கென்று இருந்தவை இரண்டே இடங்கள்: அந்த மேசை ஒன்று, பிரார்த்தனைக் கூடம் ஒன்று. கூடத்தின் நிர்வாகக் குழுவில் அவளுடைய தம்பி இருந்தான்.

அந்தக் கதை அவள் மேசைக்கு வந்த நாளில் நல்ல வெயில். அந்தக் கூடத்தில் எல்லோரும் வேண்டிக்கொள்ளும் புனிதரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் புருஷனைப் பற்றிப் புலம்புவதுபோல் எழுதியிருந்தார் எழுத்தாளர். ஊருக்கெல்லாம் அற்புதம் செய்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவது தெரியவில்லை என்று ஆரம்பித்து, படுக்கையறை வரைக்கும் போயிருந்தார். கமா அக்காவின் புருஷன் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது, அவள் இரவும் பகலும் வேண்டிக்கொண்டது அதே புனிதரிடம்தான். படித்து முடித்ததும் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்தக் கதை எனக்கு ரொம்ப வலிக்குது. என்னை மாதிரி நெறைய பேருக்கு வலிக்கும்."

ஆசிரியர் சிரித்தார். "அம்மா, நீங்க எழுத்துப்பிழை பாருங்க. கருத்துப்பிழை பார்க்க நான் இருக்கேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மனைவி புருஷனைக் கிண்டல் செய்கிற முக்கியமான இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய், கிண்டலே நமத்துப் போயிருந்தது. அப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பேனாவை எடுத்தவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அந்த எழுத்தைச் சேர்த்தாள். வேலை வேலைதான்.

பத்திரிகை வெளியான வாரத்திலேயே ஊர் கொதித்தது. ஒரு நாள் காலையில் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இன்னைக்கு ஆபீஸ் போகாத."

"ஏன்டா?"

"சொன்னாக் கேளேன். போகாத, அவ்வளவுதான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, இன்று ஒரு நாளாவது பூட்டிவிடலாம் என்று கெஞ்சினாள்.

"நாம பயந்தா அவங்க ஜெயிச்சதா ஆகிடும்மா. கதவு திறந்தே இருக்கும்" என்றார் அவர். மதியம் டிவி பேட்டி என்று கிளம்பியும் போய்விட்டார். திறந்திருந்த கதவுக்குள் மிஞ்சியது அவளும் மெஷின்மேனும்தான்.

கூட்டம் வந்தபோது இருவரும் சேர்ந்து ஷட்டரை இழுத்தார்கள். பாதி இறங்கிய ஷட்டரை வெளியே இருந்தவர்கள் மேலே தூக்கினார்கள். பிறகு, ஏனோ, ஓங்கிக் கீழே அடித்தார்கள். அவளுடைய இடது கை அடியில் இருந்தது. அலறிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தபோது கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் தம்பி நின்றிருந்தான். பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே புகுந்தவர்கள் பேப்பர் கட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். மெஷின்மேன்தான் அவளைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரிக்கு ஆசிரியரும் எழுத்தாளரும் போட்டோகிராபரோடு வந்தார்கள். கட்டுப் போட்ட கை படத்தில் தெரியவேண்டும் என்று போர்வையை விலக்கினார்கள். மறுநாள் அவள் கருத்துச் சுதந்திரத்தின் வீராங்கனை. கண்டனக் கூட்டத்துக்குக் காரில் அழைத்துப்போய் மேடையில் உட்காரவைத்தார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"அந்தக் கதை எனக்குப் பிடிக்கல" என்று ஆரம்பித்தாள். "படிச்சிட்டு நான் அழுதேன். என் சாமியை..."

ஏற்பாட்டாளர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "அக்கா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. பலமா ஒரு கைதட்டல்!" என்றார். அரங்கம் அதிர்ந்தது. 'ஆனால் அதற்காக எரிக்கவும் அடிக்கவும் எவனுக்கும் உரிமை கிடையாது' என்று அடுத்துச் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பிரார்த்தனைக் கூடத்தில் அவள் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கூடத்துப் பெரியவர் தனியே கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"நான் எழுதலையே ஐயா."

"படிச்சீங்கள்ல? அதுல தப்புத் திருத்தினீங்கள்ல?"

"ஐயா, ஒரு விஷயம் நான் எல்லார் முன்னாடியும் பேசணும்."

"மன்னிப்பு மட்டும் கேட்டாப் போதும். வேற எதுவும் பேச வேண்டாம்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டன. எழுத்தாளர் வருத்தம் தெரிவித்தார். பத்திரிகை கதையைத் திரும்பப் பெற்றது. பதிலுக்குக் கூடத்தார் கதைமேல் போட்ட வழக்கையும், பத்திரிகைக்காரர்கள் தாக்குதல்மேல் போட்ட வழக்கையும் ஆளுக்கொன்றாக வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய கை அந்தப் பேச்சுவார்த்தையில் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மெஷின்மேன்தான் போனில் சொன்னார்: "நம்மளை வித்துட்டாங்கக்கா."

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பழங்களோடு வந்தான். மடங்காத அவள் விரல்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சு அக்கா. மனசுல வச்சுக்காத."

"நீ அந்தக் கதையைப் படிச்சியா?"

"சேச்சே! அந்தக் கண்றாவியை யாரு படிப்பா?"

"உன்கூட வந்தவங்க?"

"யாரும் படிக்கல."

"அப்ப உட்காரு. நான் சொல்றேன்."

அவன் எழப்பார்த்தான். "உட்காருடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டான். வேலைக்காகத் திரும்பத் திரும்பப் படித்த கதை. ஒரு வரிகூட மறக்கவில்லை. தன்னை அழவைத்த வார்த்தைகளைத் தன் வாயாலேயே, கமாவுக்குக் கமா நிறுத்திச் சொன்னாள். ஒழுகுகிற கூரைக்கு அடியில் புனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு தியானம் செய்கிற இடம் வந்தது. தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். முகம் வெளிறிவிட்டது.

அவள் நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

"அக்கா, நான் சிரிச்சதை யார்கிட்டயும் சொல்லிடாத."

"பயப்படாத. என்னை யாரு பேச விட்டாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பிறகு வரவேயில்லை.

இப்போது அவள் பரீட்சை வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் ஓர் இடத்தில் புரூஃப் பார்க்கிறாள். பக்கம் நகராமல் இருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு திருத்துகிறாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. கை எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால், கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்கிறாள்.