வில்லனுக்கு எந்த எழுத்து

இசைவாணியின் அப்பாவுக்குப் படத்தில் வில்லன் அடிவாங்க வேண்டும். அடி விழ விழ விசிலடிப்பார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் இளவட்டமாக இருந்தபோது பண்ணைக்காரர் தன் நிலத்தில் ஒரு பகுதியை நன்னிலத்துக்காரர் ஒருவருக்குக் கிரயம் செய்தார். வாங்க வந்தவர் வரப்பில் நின்று, "உழவுக்கு ஆள்?" என்று கேட்டதற்கு, "அதோ நிக்கிறானே, அவனும் இதுல சேர்த்திதான்" என்று பண்ணைக்காரர் கை காட்டினாராம். நாற்றங்காலில் நின்ற அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அவர் புது ஆண்டைக்கு ஏர் கட்டினார். இதை அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் இசைவாணிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்தக் கோபம் கல்லூரி நூலகத்தில் வளர்ந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் தடித்த அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த சொற்களாகத் தேடிப் படிப்பாள். 'சர்ல்' என்றால் முரடன். அதற்கு முன்பு சாதாரணக் குடியானவன். 'நேவ்' என்கிற அயோக்கியன் ஒரு காலத்தில் வெறும் வேலைக்காரப் பையன். வேலை செய்கிறவனின் பெயரெல்லாம் போகப்போக வசவாகியிருந்தது. வில்லன் என்ற சொல்லின் பழைய பொருளைப் படித்த அன்று அகராதியைப் பட்டென்று மூடினாள். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எண்பது வயதில், பல் போன வாயில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இன்னும் விசிலுக்கு முயன்றுகொண்டிருந்தார். நீ இத்தனை வருஷம் யார் அடிவாங்கியதற்கு விசிலடித்தாய் தெரியுமா என்று அந்த மனுஷனிடம் எப்படிக் கேட்பது? அவள் கேட்காமலே போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இசைவாணி மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அரிதான ஆங்கிலச் சொல் ஒன்றை அதில் எழுதி, தமிழில் பொருள் எழுதுவாள். அவளாக ஆரம்பித்தது. தாளாளர் இளஞ்செழியனுக்கு அதில் பெருமை. பிள்ளை சேர்க்க வருகிறவர்களைப் பலகை முன்னால் நிறுத்தி, "டவுன்ல வேற எந்த ஸ்கூல்லயும் இது கிடையாது" என்பார்.

அப்பாவின் காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று வில்லனின் அந்தப் பழைய சொல்லை எழுதினாள்: villein. வேன்கள் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தாளாளர் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், ஸ்பெல்லிங் தப்பு விட்டுட்டீங்க. வில்லனுக்கு ஏ வரணும், ஈ போட்டிருக்கீங்க. ஒரு பேரன்ட் அத போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுட்டாரு."

"தப்பில்ல சார். அது பழைய சொல்லு. கீழ படிங்க."

படித்தார். 'நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய உழவன். ஆண்டைகள் இழிவாகப் பேசிப் பேசியே அவன் பெயருக்குக் கெட்டவன் என்ற பொருள் வந்தது. சினிமா வில்லனும் இவனும் ஒரே சொல். நம்மூரில் இவன் பெயர் பண்ணையாள்.'

"அட, வில்லன்னா குடியானவனா" என்று சிரித்தவர், கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவருடைய தாத்தா பெரிய பண்ணை. ஊருக்கே தெரியும்.

"கடைசி வரி மட்டும் வேணாம் டீச்சர்."

"ஏன் சார், தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? முடிஞ்சுபோன சங்கதி. நம்மூர எதுக்கு இழுக்கணும்? இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கிலாந்துல நடந்தத எழுதுங்க, போதும்."

"அங்க நடந்தா சரித்திரம். இங்க நடந்தா முடிஞ்சுபோன சங்கதியா?"

"கோவப்படாதீங்க. படிச்சவங்க நீங்க."

"படிச்சதாலதான் சார் கோவமே வருது."

கணக்கு டீச்சர் பிரகதீஸ்வரி பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். "விடு இசை. ஒரு வரிதானே."

"ஒரு வரிதான். எங்கப்பா அதுக்குள்ளதான் இருந்தாரு."

"சரி, அழிச்சிடுங்க" என்றார் தாளாளர்.

இசைவாணி டஸ்டரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "என் கையால மாட்டேன் சார்."

அழிக்க ஆள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார். வேன் டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டஸ்டரை வாங்கி, வேட்டியில் தூள் படாமல் எட்ட நின்று, கடைசி வரியை அழித்தார். திருப்பிக் கொடுத்தார்.

அவள் பலகையைப் பார்த்தாள். எங்கோ இங்கிலாந்தில் எவனோ ஒருவனின் கதை மிச்சம் இருந்தது. நல்ல கையெழுத்து. அடுத்த வருஷச் சேர்க்கைக்குக் காட்ட லாயக்கானது. டஸ்டரை அழுத்தி மேலிருந்து கீழ் வரை முழுவதையும் அழித்தாள்.

"அத ஏன் டீச்சர் அழிக்கிறீங்க? அது நல்லாத்தானே இருந்துச்சு."

"அர்த்தம் பாதியா நிக்க வேணாம் சார்."

அதன்பிறகு அவள் அதில் எழுதவில்லை. தாளாளர் வேறொருவரை எழுதச் சொல்லிப் பார்த்தார், இரண்டு நாளில் பூப்பெயரும் பழப்பெயரும் தீர்ந்துவிட்டன. பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் இப்போது வெறும் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் தாளாளர் அவளை வழியில் நிறுத்தினார். "அட்மிஷன் வருது டீச்சர். பழசெல்லாம் விடுங்க. நல்லதா ஒரு வார்த்த போடுங்க."

"போடறேன் சார். அந்தக் கடைசி வரிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சரியா?"

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார். அவள் சுண்ணக்கட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.