கட்டிப் போட்டுவிட்டு வந்த நாய்

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை, சமயநல்லூரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என் பஸ்ஸை மறித்தார். குடை பிடித்திருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார்.

"பாசஞ்சரையெல்லாம் எறக்கி விடுய்யா. கண்மாய்க் கரை கசியுது. கீழ இருக்க ஊரக் காலி பண்ணணும்."

யுத்தகாலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் கம்பெனி வண்டிகள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் கேஸ் பிளான்ட் தொங்கும். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, புளோயரைக் கையால் சுற்றி, கேஸ் வந்த பிறகுதான் இன்ஜின் பிடிக்கும். ஒருமுறை அணைந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் அந்த ஊரின் மந்தைத் திடலில் வண்டியை நிறுத்தியபோது இன்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தேன். கண்டக்டர் குப்புசாமி ஆட்களை ஏற்றினார்.

மாடுகளை ஆண்கள் முன்பே ரயில்வே மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். பெண்கள் கோழிக்கூடையோடும் ஆட்டுக்குட்டியோடும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் படிக்கட்டில் நின்று தடுத்தார்.

"மனுசங்க மட்டுந்தான். எங்க வீட்லயும் நாய் இருக்குத்தா. எனக்குத் தெரியாதா? எடம் இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாதிச் சனம் இன்னும் மழையில் நின்றுகொண்டிருந்தது. கூடைகளைத் திறந்துவிட்டு ஏறினார்கள். வண்டி நகர்ந்ததும் நாய்கள் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தன. நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.

பாதி வழியில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு எழுந்து என் சீட்டுக்குப் பின்னால் வந்தாள். பேர் பேச்சியம்மா. புருஷன் பட்டாளத்தில் இருந்தான்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. நாயக் கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன். கூட்டத்துல யாரையாச்சும் கடிச்சிரும்னு கட்டுனேன். ஏறுற அவசரத்துல அவுத்து விட மறந்துட்டேன்."

"நடுவழியில நிறுத்த முடியாதும்மா, அங்க இன்னும் சனம் மழையில நிக்குது."

"அப்ப மெதுவாப் போங்க. குதிச்சிர்றேன்."

பக்கத்திலிருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாய் போனால் போகிறது, பிள்ளையைப் பார் என்றார்கள். அவள் உட்காரவில்லை.

"அடுத்த டிரிப்பு அங்கதான் போறேன். நானே அவுத்து விடுறேன். வீடு எது?"

"முருங்கை மரம் நிக்கும். தொழுவுல கட்டிருக்கேன்."

"கடிக்குமா?"

"கடிக்கும்ணே."

சமயநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரோட்டின் மேல் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. மந்தைக்கு வந்ததும் குப்புசாமியை என் சீட்டில் உட்காரவைத்து, "ஆளுங்க ஏறட்டும். இன்ஜின் மட்டும் அணைஞ்சிராமப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இன்ஸ்பெக்டர் கத்துவது கேட்டது. ஓடினேன்.

தொழுவத்தில் கணுக்காலளவு தண்ணீர். கன்னி ஜாதி வேட்டை நாய், நல்ல கறுப்பு. கயிறு எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு நின்றது. மழையில் ஊறி முடிச்சு இறுகிவிட்டிருந்தது, விரலால் அவிழவில்லை. கூரையில் பண்ணரிவாள் ஒன்று செருகியிருந்தது. அதை உருவிக் கயிற்றை அறுக்கக் குனிந்தபோது, சொன்னபடியே கடித்தது. பல் மணிக்கட்டில் இறங்கியது. அறுபட்டதும் தாவி வீட்டுக்குள் ஓடிவிட்டது. வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். விட்டுவிட்டு வந்தேன்.

கடைசி ஆட்களை இறக்கிய கொஞ்ச நேரத்தில் கரை உடைந்ததாகச் சேதி வந்தது. பேச்சியம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அவுத்து விட்டீகளா?"

கையைக் காட்டினேன். அவள் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "நாய் எங்கய்யா?" என்றார். வெள்ளத்தில் போய்விட்டது என்றேன்.

"நாய் உசுரோட நல்லா இருந்தா பயமில்ல. கண்ணுல காட்ட முடியாதுன்னா ஊசி போட்டுத்தான் ஆகணும். வேற வழியில்ல."

தொப்புளைச் சுற்றித் தினமும் ஒரு ஊசி. காலையில் போட்டுக்கொண்டு டிரிப் எடுப்பேன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வயிறு வலிக்கும். வெறிநாய்க் கடியில் செத்தவர்களின் கதைகளை ஷெட்டில் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கும்போது தொண்டை இறுகுவது போலிருக்கும். இறுகுகிறதா என்று பார்க்கவே இன்னொரு வாய் குடிப்பேன். ரோட்டில் எந்தக் கறுப்பு நாயைப் பார்த்தாலும் பிரேக்கில் கால் போகும். தண்ணீர் வடிந்ததும் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாவின் மண்வீடு கரைந்து விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டு முளைக்குச்சியில் கட்டியிருந்த ஒரு ஆடு, கட்டியபடியே செத்துக் கிடந்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் மதுரை ஸ்டாண்டில் வண்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே."

பேச்சியம்மா நின்றாள். இடுப்பில் பிள்ளை. கையில் கயிறு, கயிற்றின் முனையில் அந்த நாய். விலா எலும்பு தெரிந்தது. மற்றபடி தெளிவாக இருந்தது.

"ரயில்வே மேட்டுல மாடுகளோட கெடந்திருக்கு. நேத்துத்தான் பாத்தோம். ஒங்களுக்கு வயித்துல ஊசி போடுறாகன்னு கண்டக்டரு சொன்னாரு. அதான் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எப்பிடி வந்த?"

"நாய பஸ்ஸுல ஏத்த மாட்டாகள்ல. நடந்துதான்."

சமயநல்லூரிலிருந்து அம்புட்டுத் தூரம், இடுப்பில் பிள்ளையோடு. நான் கிட்டே போனதும் நாய் உறுமியது. கிளாசில் டீ வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ஆற்றி உள்ளங்கையில் ஊற்றி நாய்க்குக் காட்டினாள். நாயைக் கண்ணால் பார்த்ததைச் சொன்னதும், ஊசியை நிறுத்தலாம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகும் மழைக்காலங்களில் என் வண்டியை வெள்ளத்துக்குப் பிடித்திருக்கிறார்கள். கியர் போடும் முன் திரும்பிக் கேட்பேன்.

"யாராச்சும் எதையாச்சும் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கீகளா?"

ஒருவர் இறங்குவார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கி ஓடுவார்கள். அதிகாரிகள் பல்லைக் கடிப்பார்கள். நான் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன். இப்போது ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். எல்லாவற்றையும் ஏற்ற வண்டியில் இடம் இருக்காது. அவிழ்த்து விட்டுவிட்டு வருவதற்கு நேரம் இருக்கும். முதல் டிரிப்பிலேயே கேட்டுவிடுங்கள்.