அண்ணாந்தே நடந்த கனடாக்காரர்

துறைமுகத்தில் என்னோடு வேலைசெய்த கனடாக்காரர், உலகப் போருக்கு முன் தம் நாட்டு வடக்குக் காடுகளில் வாத்துகளை ஆராய்ந்து மேற்பட்டத்துக்குப் படித்தவர். கழுத்து வெயிலில் சிவந்துபோக எப்போதும் அண்ணாந்தே நடப்பார்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த வருடத்து மாரியில், வானத்தில் அணிவகுத்து வந்த புள்ளிகளைக் கண்டு எல்லோரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். அவர் மட்டும் வெளியே நின்று துள்ளிக் குதித்து ஆங்கிலத்தில் கத்தினார்.

நான் குழிக்குள் இருந்தவர்களுக்குச் சொன்னேன்: “ஊசிவால் வாத்தாம்! துரையின்ட காட்டு ஏரியளிலயும் இதே இனம்தானாம். குஞ்சுகள் வளர்ந்து பறக்கத் தொடங்கிட்டுதாம்!”

மீன்காரி மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். “அப்ப, ஊரில எல்லாரும் சுகமாமோ, துரை?”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மாதக்கணக்காக வீட்டுக் கடிதம் காணாத மனிதர், வாய்கொள்ளாச் சிரிப்போடு தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் பதில் சொன்னார்: “ஓம்! ஓம்!”

அவை கனடாவிலிருந்து வந்த வாத்துகள்தானா என்று நான் கேட்கவில்லை.