எழுத்து போடும்போதே வந்த பேய்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மதியம், டி.வி.யில் ஒரு பேய்ப் படம். என் மகள் யாழினிக்கு நாலு வயது. அவளை உள்ளே தூக்கிப் போக எழுந்தேன்.

"குந்து. எழுத்துதானே ஓடுது? இன்னும் படமே ஆரம்பிக்கல" என்றார் கணவர்.

சரிதானே? உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு காலி ஊஞ்சல். தானாக ஆடுகிறது. கிரீச்... கிரீச்... ஒரு பெண் குரல் தாலாட்டுபோல முனகுகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து, தண்ணீரில் விட்ட மைபோலக் கரைகின்றன. ரத்தம் இல்லை, பேய் இல்லை. எழுத்து முடிந்ததும் கடமை தவறாமல் டி.வி.யை அணைத்தேன். நல்ல அம்மா!

மறுநாள் பள்ளி வாசலில் யாழினி என் கழுத்தை விடவே இல்லை. உள்ளே, கேட்டை ஒட்டி ஓர் ஊஞ்சல் இருக்கிறது.

"அதுல யாரோ குந்திக்கினு இருக்காங்கம்மா..."

வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அடுத்த நாளும் அதே கதை. அந்த வாரம் முழுக்க அவள் வகுப்புக்கே போகவில்லை. டாக்டரிடம் காட்டலாமா? அதட்டலாமா? இனி பள்ளி என்றாலே பயந்துவிடுவாளோ? செல்போனில் தேடத் தேட எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.

சனிக்கிழமை சங்கராபுரத்திலிருந்து என் நாத்தனார் செல்வி வந்தாள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி நீங்க! பேய காட்டாமயே ஆஃப் பண்ணிட்டீங்க. கொயந்த அதுவா ஒரு பேய செஞ்சிக்கும்ல? கூத்துல திரைய புடிச்சிட்டு, எறக்காமயே வூட்டுக்குப் போன கதையா இருக்குது!"

எங்கள் பக்கத்துக் கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதன் பின்னால் சலங்கை குலுங்கும். யார் வரப்போகிறார்களோ என்று பிள்ளைகள் அம்மா மடியில் முகம் புதைக்கும். பிறகு திரை விலகும். வந்தவரே 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்வார். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

செல்வி கட்டில் விரிப்பை உருவினாள். ஒரு முனை அவள் கையில், மறு முனை என் கையில். கணவர் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டினார். விரிப்புக்குப் பின்னால் யாழினியின் கொலுசு. பயம் இன்னும் கூடிவிடுமோ?

"திரைக்குப் பின்னால வந்துக்கினு இருக்கறது யாருங்க?" என்றாள் செல்வி.

விரிப்புக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "ஊஞ்சல் பேயி..."

"பேரு இன்னாங்க, பேயாரே?"

"யாழினி!"

"எந்த ஊருங்க?"

"எல்.கே.ஜி. பி செக்‌ஷன்!"

"இன்னா சாப்புடுவீங்க?"

"தயிர் சாதம். ஊறுகா வேணாம்!"

திரையை இறக்கினோம். பேய் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டது. "இன்னொரு வாட்டி அத்த!" அன்று அந்தப் பேய் எத்தனை முறை வந்தது என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை கேட்டுக்குள் போனதும் யாழினி என் கையை விட்டாள். காலி ஊஞ்சலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எந்திரி. இப்ப என் டர்ன்" என்றாள்.

ஏறி உட்கார்ந்தும்விட்டாள்!

செல்விக்கு எப்படி நன்றி சொல்வேன்? கௌரவம் பார்க்காமல் பக்கெட் தட்டிய மனிதருக்கும்தான். அந்த எழுத்தைச் செய்த, முகம் தெரியாத கலைஞர்மேல்கூட இப்போது கோபம் இல்லை. ஒன்றையும் காட்டாமல் பயமுறுத்துவது சாமானிய வேலையா? என் மனசும் தினம் அதைத்தானே செய்கிறது... குழந்தை ஒரு தும்மல் போட்டால் போதும், உள்ளே எழுத்து ஓட ஆரம்பித்துவிடும் — இசையோடு!

ஊஞ்சல் உயரப் போனது. சங்கிலி அறுந்தால்? கை நழுவினால்? ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன்.

மேலேயிருந்து குரல் வந்தது: "பயப்படாதம்மா! இன்னும் படமே ஆரம்பிக்கல!"